பிரித்த மிக்ஸி மோட்டாருக்கு மறுபடி கனெக்‌ஷன் கொடுப்பது

புஷ் மாற்றவோ, கார்பன் தூளைச் சுத்தம் செய்யவோ, கருகிப்போன ஆர்மேச்சரை எடுத்துவிட்டுப் புதிது போடவோ மிக்ஸி மோட்டாரைக் கழற்றியிருப்பீர்கள். வேலை முடிந்துவிட்டது. மேசையில் பார்த்தால் பீல்டிலிருந்து ஆறு வயர்கள் தொங்குகின்றன. எது எங்கே இருந்தது என்பது மறந்துவிட்டது. இந்த அத்தியாயம் அந்த ஆறு வயர்களைப் பற்றியது. காயில் கட்டுவதைப் பற்றி இதில் எதுவும் இல்லை. அது தனி வேலை, அதற்கு மெஷினும் கைப்பழக்கமும் வேண்டும். கட்டிய காயில் நன்றாக இருக்கிறது, வயரை மட்டும் சரியான இடத்தில் சேர்க்க வேண்டும் என்கிற நிலையில்தான் இங்கே தொடங்குகிறோம்.

எதையும் தொடுவதற்கு முன் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. பழைய வீடுகளில் பேஸுக்குப் பதில் நியூட்ரலில் சுவிட்சைப் போட்டிருப்பது உண்டு. அணைத்த பிறகும் மிக்ஸிக்குள் பேஸ் நின்றுகொண்டிருக்கும்.

மின்சாரம் போகும் பாதை

மிக்ஸியில் இருப்பது யுனிவர்சல் மோட்டார். சீலிங் ஃபேனிலும் வெட் கிரைண்டரிலும் உள்ள இன்டக்‌ஷன் மோட்டார் நம்முடைய 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு 3000 சுற்றைத் தாண்டவே முடியாது. விரலி மஞ்சளையும் காய்ந்த மிளகாயையும் சின்ன பிளேடால் பொடியாக்க அது பத்தாது. ஜார் இல்லாமல் ஓடும் மிக்ஸி மோட்டார் ஏறக்குறைய 18,000 முதல் 20,000 சுற்று வரை போகும். அந்த வேகத்துக்குத்தான் கார்பன், கம்யூட்டேட்டர் என்ற இத்தனை ஏற்பாடும். பீல்டும் ஆர்மேச்சரும் ஒரே வரிசையில், ஒன்றன்பின் ஒன்றாக இணைந்திருப்பதுதான் இதன் அடிப்படை. இது மனதில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

வரிசையைப் பாருங்கள். பிளக்கிலிருந்து வரும் பேஸ் வயர் முதலில் அடிப்பக்கச் சிவப்புப் பொத்தானுக்கு, அதாவது ஓவர்லோட் சுவிட்சுக்கு வருகிறது. அங்கிருந்து முன்பக்கத் திருகு சுவிட்சின் பொது முனைக்கு. சுவிட்சிலிருந்து மூன்று வேகத்துக்கு மூன்று வயர்கள் பிரிந்து ஒரு பீல்டு காயிலுக்குப் போகின்றன. அந்தக் காயிலின் கடைசி முனை ஒரு கார்பனுக்கு. கார்பனிலிருந்து ஆர்மேச்சருக்குள் புகுந்து எதிர்ப்பக்கக் கார்பன் வழியாக வெளியே வந்து, இரண்டாவது பீல்டு காயிலுக்குள் போய், அதன் மறுமுனையில் நியூட்ரலைச் சேர்கிறது. மூன்று வேக வயர்கள் உள்ளதை வேகக் காயில் என்றும், இரண்டே முனை உள்ளதைச் சாதா காயில் என்றும் இந்த அத்தியாயம் முழுக்கச் சொல்லப்போகிறேன். கடையில் இந்தப் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். இது நமக்குள் வைத்துக்கொண்ட பெயர்.

வேகம் எப்படி மாறுகிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் பின்னால் மீட்டர் பார்க்கும்போது இதுதான் கைகொடுக்கும். ஒன்றாம் வேகத்தில் வேகக் காயிலின் எல்லாச் சுற்றும் வேலை செய்கின்றன. இரண்டில் கொஞ்சம் சுற்று விடுபடுகிறது. மூன்றில் இன்னும் கொஞ்சம். சுற்று குறையக் குறையக் காந்தப்புலம் தளர்ந்து ஆர்மேச்சர் வேகமாக ஓடுகிறது. ஆகவே மூன்றாம் வேகத்துக்குத்தான் கம்பி நீளம் குறைவு, ஓம் குறைவு. வேகம் கூடினால் ஓமும் கூடும் என்று நினைத்துக்கொண்டு ஒன்றையும் மூன்றையும் மாற்றிக் கொடுப்பவர்கள் நிறைய.

எல்லா மிக்ஸியும் இப்படியே இருக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். சில மாடல்களில் குறைந்த வேகத்துக்கு டயோடு வைத்திருப்பார்கள். உங்கள் பீல்டில் ஐந்து வயரோ ஏழு வயரோ வந்தால் கீழே வரும் கணக்கை அப்படியே போடாமல், பாதையை முதலில் தாளில் வரைந்து பாருங்கள்.

கழற்றும்போதே செய்ய வேண்டியவை

இன்னும் கழற்றவில்லை என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். செல்போனில் நாலு பக்கமும் படம் எடுங்கள். ஆனால் படத்தை மட்டும் நம்ப வேண்டாம். மிக்ஸிக்குள் வயரெல்லாம் கார்பன் தூள் படிந்து ஒரே கறுப்பாக இருக்கும், படத்தில் நீலமும் பச்சையும் ஒன்றுபோலத் தெரியும். ஒவ்வொரு வயரிலும் சின்னக் காகிதத் துண்டைச் சுற்றி, பேனாவால் எழுதி, மேலே செல்லோ டேப் ஒட்டிவிடுங்கள். கார்பன் ஹோல்டர்கள் இரண்டையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். பழைய கார்பனையே திரும்பப் போடுவதாக இருந்தால் எந்த ஹோல்டரில், எந்த முகம் மேலே இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கம்யூட்டேட்டரில் தேய்ந்து தேய்ந்து கார்பனின் முனை அந்த வளைவுக்கே படிந்திருக்கும். திருப்பிப் போட்டால் ஓரம் மட்டும் உராய்ந்து பொறி பறக்கும்.

ஆர்மேச்சர் தண்டில் சின்ன பைபர் வாஷர்கள் இருக்கும். மேலே எத்தனை, கீழே எத்தனை, எந்த வரிசை என்று எழுதி வையுங்கள். ஒரு வாஷர் இடம் மாறினாலும் ஆர்மேச்சர் மேலேறியோ கீழிறங்கியோ உட்காரும். கார்பன் கம்யூட்டேட்டரின் விளிம்பில் போய் நிற்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் சுழலும் திசை. மோட்டார் ஓட ஓட இறுகும்படிதான் மேலே உள்ள கப்ளரின் மரை வெட்டப்பட்டிருக்கும். அதனால் தண்டை அசையாமல் பிடித்துக்கொண்டு கப்ளரை எந்தப் பக்கம் திருப்பினால் கழன்று வருகிறதோ, அதே பக்கம்தான் மோட்டாரின் ஓட்டம். கழற்றும்போதே அந்தத் திசையில் மிக்ஸியின் உடம்பில் மார்க்கரால் ஓர் அம்புக்குறி போட்டுவிடுங்கள். தண்டின் அடிமுனையில் பெரும்பாலும் திருப்புளி வைத்துப் பிடிக்க ஒரு வெட்டு இருக்கும். விசிறி இறக்கையைப் பிடித்து முறுக்காதீர்கள், பிளாஸ்டிக் இறக்கை ஒடிந்துவிடும். மோட்டார் தலைகீழ்த் திசையில் ஓடினால் என்ன ஆகும் என்று கேட்டால், கப்ளர் தானாகக் கழன்று எகிறும்.

மீட்டரை வைத்து வயரைக் கண்டுபிடித்தல்

அடையாளம் எதுவும் வைக்காமல் கழற்றியாகிவிட்டது, அல்லது புது பீல்டு வாங்கி வந்தீர்கள், வயரின் நிறம் பழையதோடு ஒத்துப்போகவில்லை. கவலை வேண்டாம். நிறத்துக்குப் பொது விதி என்று ஒன்று கிடையாது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடலில்கூட நிறம் மாறும். காயில் கட்டுபவர் கையில் அன்றைக்கு இருந்த வயரைத்தான் போட்டிருப்பார். மீட்டர் சொல்வதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். 200 ஓம் ஸ்கேலில் வைத்து, முதலில் இரண்டு புரோபையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். 0.2, 0.3 என்று ஏதாவது காட்டும். அது புரோப் வயரின் சொந்தக் கணக்கு. எடுக்கும் ஒவ்வொரு அளவிலிருந்தும் அதைக் கழித்துவிட வேண்டும், ஏனென்றால் நாம் தேடுவதே அரை ஓம், ஒரு ஓம் வித்தியாசம்தான். ஆர்மேச்சரை வெளியே எடுத்து வைத்திருக்க வேண்டும். கார்பன் வழியாக எதுவும் சேர்ந்திருக்கக் கூடாது.

ஆறு வயருக்கும் அ, ஆ, இ, ஈ, உ, ஊ என்று பெயர் வையுங்கள். எண் வைத்தால் வேக எண்ணோடு குழம்பும். இப்போது ஒவ்வொன்றையும் மற்ற ஐந்தோடு அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு வயர் வேறு ஒரே ஒரு வயரோடு மட்டும் தொடர்பு காட்டும். அந்த ஜோடிதான் சாதா காயில். மீதி நான்கும் தங்களுக்குள் எல்லாவற்றோடும் தொடர்பு காட்டும். அது வேகக் காயில்.

கணக்கு புரிவதற்காக ஓர் உதாரணம். உங்கள் மோட்டாரில் எண்கள் வேறாக இருக்கும். அ–ஈ 2.4 ஓம், இவை வேறு எதோடும் சேரவில்லை. மீதி நான்கில் ஆ–ஊ 4.4. அதுதான் ஆகப் பெரிய அளவு, எனவே ஆ, ஊ இரண்டும் காயிலின் இரு கடைசி முனைகள். இனி இடையில் இருக்கும் இ, உ இரண்டையும் ஆ-விலிருந்து அளக்கிறோம்: ஆ–இ 2.4, ஆ–உ 3.3. ஆக வரிசை ஆ, இ, உ, ஊ. இடைவெளிகள் 2.4, 0.9, 1.1. பெரிய இடைவெளி ஆ-வுக்கும் இ-க்கும் நடுவே இருக்கிறது. அதுதான் முதன்மைச் சுற்று. அதன் வெளிமுனையான ஆ கார்பனுக்குப் போக வேண்டியது. அடுத்து வரும் இ மூன்றாம் வேகம், உ இரண்டாம் வேகம், ஊ ஒன்றாம் வேகம். சரிபார்க்க ஒரு வழி உண்டு. முதன்மைச் சுற்றின் 2.4 ஓமும் சாதா காயிலின் 2.4 ஓமும் ஒத்துப்போகின்றன பாருங்கள். இரண்டு பக்கமும் சம பலமுள்ள காந்தமாக இருக்க வேண்டும் என்பதால் பெரும்பாலான மோட்டார்களில் இவை நெருக்கமாகவே இருக்கும். ஒன்று 2.4, மற்றது 1.3 என்று வந்தால் வயர் அடையாளத்தில் தவறு, அல்லது காயிலுக்குள் ஷார்ட்.

மீட்டர் சொல்லாத ஒன்று

சாதா காயிலின் இரண்டு முனையில் எது கார்பனுக்கு, எது நியூட்ரலுக்கு? ஓம் அளவு இதைச் சொல்லாது. எப்படி அளந்தாலும் 2.4 தான். எல்லாம் சரியாகக் கொடுத்தும் மோட்டார் ஓடவில்லை என்று வருபவர்களில் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். இந்த இரண்டு முனையும் மாறிவிட்டால் அந்தக் காயிலில் மின்சாரம் எதிர்த்திசையில் ஓடும். எதிரெதிர்த் துருவமாக இருக்க வேண்டிய இரண்டு பக்கமும் ஒரே துருவமாகி, ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மோட்டார் உறுமும், சூடாகும், அசையாது. புது ஆர்மேச்சரைக் குறை சொல்லிக் கடைக்குத் திருப்பி எடுத்துப்போவார்கள்.

முதலில் கண்ணால் பாருங்கள். கார்பனுக்குப் போகும் வயர் பொதுவாகக் குட்டையாக, ஹோல்டர் இருக்கும் பக்கமாகவே காயிலிலிருந்து வெளியே வந்திருக்கும். நியூட்ரல் நீளமாக இருந்து அடிப்பக்கம் இறங்கும். இது தெளிவாக இருந்தால் வேறு சோதனை தேவையில்லை.

தெளிவில்லை என்றால் இரண்டு டார்ச் செல்லும் பள்ளிப் பிள்ளைகளிடம் இருக்கும் திசைகாட்டியும் போதும். ஆர்மேச்சர் வெளியே இருக்கும்போதே, ஆர்மேச்சருக்குப் பதிலாக ஆ-வையும் அ-வையும் தற்காலிகமாக முறுக்கி இணையுங்கள். இ-க்கும் ஈ-க்கும் நடுவே இரண்டு செல்லைச் சேர்த்து 3 வோல்ட் கொடுங்கள். பீல்டின் உள்வட்டத்தில் ஒரு பக்கத் துருவத்துக்கு அருகே திசைகாட்டியைக் காட்டி, முள்ளின் எந்த முனை அதன் பக்கம் இழுபடுகிறது என்று பாருங்கள். பிறகு எதிர்ப்பக்கம். ஒரு பக்கம் வடமுனையும் மறுபக்கம் தென்முனையும் இழுபட்டால் சரி: அ கார்பனுக்கு, ஈ நியூட்ரலுக்கு. இரண்டு பக்கமும் முள்ளின் ஒரே முனை இழுபட்டால் அ-வையும் ஈ-யையும் மாற்றிக்கொள்ளுங்கள். செல்லை ஐந்து விநாடிக்கு மேல் வைக்க வேண்டாம். மின்சாரம் அதிகம் இழுத்துச் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

சுவிட்ச்

திருகு சுவிட்சின் முனைகளில் எழுத்தும் எண்ணும் அச்சிட்டிருப்பார்கள். எண்ணெய்ப் பிசுக்கில் அழிந்துபோயிருந்தால் மீட்டரை பீப் ஒலிக்கும் ஸ்கேலில் வைத்து, ஒன்றாவது நிலையில் எந்த இரண்டு முனை சேர்கிறது, இரண்டில் எது, மூன்றில் எது என்று பாருங்கள். எல்லா நிலையிலும் பொதுவாக வருவது ஓவர்லோட் சுவிட்சிலிருந்து வரும் வயருக்கான முனை. இடப்பக்கம் திருப்பிப் பிடித்தால் மட்டும் ஓடும் பல்ஸ் நிலை பல சுவிட்சுகளில் உள்ளுக்குள்ளேயே மூன்றாம் வேகத்தோடு சேர்ந்திருக்கும். அதற்குத் தனி வயர் தேட வேண்டாம்.

இணைப்பு

மோட்டாருக்குள் பிவிசி டேப்பைச் சுற்றாதீர்கள். மின்சாரக் கடையில் எவ்வளவு நல்ல டேப் கொடுத்தாலும் மிக்ஸியின் சூட்டில் பசை உருகி, டேப் நழுவி, இணைப்பு வெளியே தெரியும். கண்ணாடி இழை ஸ்லீவ் மீட்டர் கணக்கில் கிடைக்கும். அதைத்தான் போட வேண்டும். ஸ்லீவை முதலில் வயரில் கோத்துவிட்டுப் பிறகு பற்றவையுங்கள். பற்றவைத்து முடித்த பிறகு ஸ்லீவ் ஞாபகம் வந்து மறுபடி பிரிப்பது எல்லோருக்கும் நடக்கிறது.

காயில் கம்பியின் மேல் எனாமல் பூச்சு இருக்கும். பார்க்கச் செம்பு போலவே இருப்பதால் சுரண்டாமல் முறுக்கிவிடுவார்கள். பூச்சைப் பிளேடால் சுற்றிலும் சுரண்டி, பளபளவென்று தெரிந்த பிறகே முறுக்க வேண்டும். சுரண்டும்போது உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். விலை குறைந்த மோட்டார்களில் உண்டு. அதில் சாதாரண ஈயம் ஒட்டாது. ஒட்டியதுபோல உருண்டு நிற்கும், இரண்டு நாளில் கழலும். அலுமினியத்துக்குக் கிரிம்ப் லக் போட்டு இடுக்கியால் அழுத்துவதுதான் வழி.

இணைப்புகளைக் காயிலின் பக்கவாட்டில் படுக்கவைத்து, பருத்தி நூலால் இறுக்கிக் கட்டுங்கள். ஆர்மேச்சரின் அடியில் விசிறி இருக்கிறது. தொங்கும் ஒரு வயர் போதும், அது இழுத்துச் சுருட்டிவிடும். பிளாஸ்டிக் டேக் போடலாம் என்பார்கள். நூல் சூட்டைத் தாங்கும் என்பதால் என் ஓட்டு நூலுக்கே. மூன்று பின் பிளக் உள்ள மிக்ஸியில் பச்சை எர்த் வயர் மோட்டாரின் இரும்பில் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். கழற்றும்போது கழன்ற அந்த வயரை, அது இல்லாமலே மிக்ஸி ஓடுகிறது என்பதால், ஓரமாக ஒதுக்கி வைத்துவிடுவது மிக ஆபத்தான வழக்கம்.

ஆர்மேச்சரை உட்கார வைத்தல்

வயரிங் சரியாக இருந்தும் மோட்டார் திணறினால் காரணம் பெரும்பாலும் புஷ். மேல் புஷ்ஷும் கீழ் புஷ்ஷும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். புஷ்ஷைச் சுற்றியுள்ள கம்பளி வளையத்தில் நல்ல மெஷின் ஆயிலைச் சொட்டு சொட்டாக விட்டு ஊறவையுங்கள். தேங்காய் எண்ணெயோ சமையல் எண்ணெயோ விட்டால் சூட்டில் பிசினாகிவிடும். நான்கு ஸ்க்ரூவையும் ஒரே மூச்சில் முடுக்காமல் எதிரெதிர் ஸ்க்ரூவாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஒவ்வொரு முறையும் தண்டை இரண்டு விரலால் சுழற்றிப் பாருங்கள். இறுக்கமாகத் தெரிந்தால் புஷ் தாங்கியின் மேல் மரச் சுத்தியால் லேசாகத் தட்டினால் அது தானாகத் திரும்பி நேராகும். விரலால் சுண்டிவிட்டால் இரண்டு மூன்று சுற்று சுற்றி நிற்க வேண்டும். இதைக் கார்பன் போடுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். கார்பன் போட்ட பிறகு எந்த இறுக்கம் எதனால் என்று தெரியாது.

புதுக் கார்பன் என்றால், கம்யூட்டேட்டரின் மேல் மெல்லிய உப்புத்தாளைச் சொரசொரப்பு வெளியே தெரியும்படி சுற்றி, கார்பனை அதன் மேல் அழுத்தி, தண்டை முன்னும் பின்னும் திருப்பினால் முனை வளைவாகப் படியும். எமரித் தாள் வேண்டாம், அதன் கடினமான துகள் கம்யூட்டேட்டரின் இடுக்கில் சிக்கும். பிறகு பழைய பல் பிரஷ்ஷால் தூளைத் துடைத்து எடுங்கள்.

கரன்ட் கொடுப்பதற்கு முன்

எல்லாம் சேர்த்தாயிற்று. பிளக்கைச் சுவரில் சொருகாமல், அதன் இரண்டு பின்களில் மீட்டரை வையுங்கள். சுவிட்ச் அணைந்திருக்கும்போது எதுவும் காட்டக்கூடாது. ஒன்றில் வைத்தால் ஓர் அளவு, இரண்டில் அதைவிடக் குறைவு, மூன்றில் இன்னும் குறைவு. இப்படி இறங்கிக்கொண்டே வந்தால் வேக வயர்கள் மூன்றும் சரி. அப்படியே மீட்டரை வைத்துக்கொண்டு, வேறொருவரை விட்டு தண்டை மெதுவாக ஒரு முழுச் சுற்று திருப்பச் சொல்லுங்கள். அளவு கொஞ்சம் ஆடும், அது இயல்பு. ஓரிடத்தில் தொடர்பே அறுந்தால் கார்பன் ஒட்டவில்லை, அல்லது கம்யூட்டேட்டரில் ஒரு கட்டை போய்விட்டது. அடுத்து மீட்டரை ஆகப் பெரிய ஓம் ஸ்கேலுக்கு மாற்றி, ஒரு புரோபைப் பிளக்கின் பின்னிலும் மற்றதை மோட்டார் இரும்பிலும், பிறகு தண்டிலும் வையுங்கள். எந்த எண்ணும் வரக்கூடாது. வந்தால் எங்கோ வயர் இரும்பில் ஒட்டுகிறது, அல்லது கார்பன் தூள் பாலம் போட்டிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மேற்கொண்டு போகக் கூடாது.

இதற்குப் பிறகு சீரியஸ் பல்பு. எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் அதே போர்டுதான். பழைய மஞ்சள் ஒளிக் குண்டு பல்பாக இருக்க வேண்டும், எல்இடி இதற்கு உதவாது. 200 வாட் பல்பு, அல்லது 100 வாட் பல்பு இரண்டைப் பேரலலாகச் சேர்த்து, மிக்ஸியோடு சீரியஸில் வையுங்கள். மோட்டார் எவ்வளவு தவறாக இணைந்திருந்தாலும் ஓர் ஆம்பியருக்கு மேல் போகாது. மூன்றாம் வேகத்தில் வைத்துப் பாருங்கள். பல்பு பிரகாசமாக எரிகிறது என்பதற்காகவே ஷார்ட் என்று முடிவு கட்டாதீர்கள். நின்றுகொண்டிருக்கும் மிக்ஸி மோட்டாரின் ஓம் பல்பை ஒப்பிட மிகக் குறைவு, அதனால் நல்ல மோட்டாரிலும் பல்பு நன்றாகவே எரியும். தண்டைப் பாருங்கள். மெதுவாகச் சுழலத் தொடங்கினால் பீல்டு இரண்டும் ஒத்துப்போகின்றன. லேசாகத் தள்ளிவிட்டும் அசையாமல் உறுமினால் முன்னே சொன்ன அ, ஈ முனைகளை மாற்றுங்கள். பல்பு எரியவே இல்லை என்றால் சிவப்புப் பொத்தான் வெளியே வந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, பிறகு கார்பனைச் சோதியுங்கள்.

சுழலும் திசை நீங்கள் போட்ட அம்புக்குறிக்கு எதிராக இருந்தால் கார்பன் ஹோல்டர்களுக்குப் போகும் இரண்டு வயரையும் ஒன்றுக்கொன்று மாற்றுங்கள். வேறு எதையும் தொட வேண்டாம். பிளக்கைத் திருப்பிப் போட்டாலோ பேஸையும் நியூட்ரலையும் மாற்றினாலோ திசை மாறாது. பீல்டிலும் ஆர்மேச்சரிலும் சேர்ந்தே மின்சாரம் திரும்புவதால் சுழற்சி பழைய பக்கமே இருக்கும். ஏசியில் இந்த மோட்டார் ஓடுவதே அதனால்தான்.

நேரடி மின்சாரம் கொடுக்கும்போது ஜார் வேண்டாம், கப்ளரும் வேண்டாம். வீட்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருந்தால் அந்த லைனில் சொருகுங்கள். ஒன்றாம் வேகத்தில் ஒரு விநாடி, நிறுத்தம். மறுபடி ஐந்து விநாடி. கார்பன் முனையில் சின்ன நீலப் பொறி தெரிந்தால் பயப்பட வேண்டாம். புதுக் கார்பன் படியும்வரை அப்படித்தான். கம்யூட்டேட்டரைச் சுற்றி நெருப்பு வளையம்போல ஓடினால் உடனே நிறுத்துங்கள். ஆர்மேச்சர் உள்ளே ஷார்ட், அல்லது கம்யூட்டேட்டர் கட்டைகளுக்கு நடுவே தூள் அடைத்திருக்கிறது. எல்லாம் சரி என்றால் கப்ளரை மாட்டி, ஜாரில் பாதி தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பாருங்கள். உளுந்தையோ மஞ்சளையோ போட்டு முதல் நாளே பரீட்சை வைக்காதீர்கள்.

இந்த அத்தியாயத்தின் கணக்கை மற்ற மோட்டாருக்குப் போடக் கூடாது. சீலிங் ஃபேனிலும் செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினிலும் கார்பனே இல்லை. அவற்றில் மூன்று வயர் வரும். எந்த இரண்டுக்கு நடுவே ஓம் அதிகமோ அந்த இரண்டும் கப்பாசிட்டருக்கு, மீதி ஒன்று பொது வயர். அவற்றைப் பற்றி இங்கே இவ்வளவு போதும். கப்பாசிட்டரைத் தொடும் முன் அதன் இரு முனைக்கும் குறுக்கே பல்பை வைத்து சார்ஜை இறக்கிவிடுங்கள்.

எங்கே நிறுத்துவது? வாரன்டி முடியாத மிக்ஸியைத் திறக்கவே வேண்டாம். மீட்டரில் இரும்புக்குக் கசிவு காட்டி, துடைத்தும் போகவில்லை என்றால் கடைக்குக் கொடுத்துவிடுங்கள். அங்கே 500 வோல்ட் மெகர் வைத்துப் பார்ப்பார்கள், நம் மீட்டரின் ஒன்பது வோல்ட் பேட்டரி அதைச் சரியாகச் சொல்லாது. 2011இல் தமிழக அரசின் விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் வந்த பிறகு மிக்ஸி இல்லாத வீடு குறைவு. கார்பன், புஷ், கப்ளர், சுவிட்ச் எல்லாம் ஊருக்கு ஊர் கிடைக்கின்றன, அவற்றை நீங்களே மாற்றிக்கொள்ளலாம். ஆர்மேச்சர் மட்டும் போயிருந்தால் பழையதைக் கையோடு எடுத்துப்போய், தண்டின் நீளமும் கம்யூட்டேட்டர் கட்டைகளின் எண்ணிக்கையும் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்கிப் போடுங்கள். பீல்டும் ஆர்மேச்சரும் சேர்ந்தே கருகியிருந்தால் தனித்தனியாக வாங்கிச் சேர்ப்பதைவிட முழு மோட்டாராக வாங்கிவிடுவதுதான் லாபம்.